இன்ஜினுக்கு நகப்பூச்சு

மெக்கானிக் பாகத்தை மாற்றிவிடுவான் என்ற பயத்தில், மனைவியின் நகப்பூச்சை எடுத்து டீசல் காரின் இன்ஜின் முழுக்கச் சிவப்புப் பொட்டு வைத்தவன் நான். டீசல் பம்பில் ஒன்று, டீசல் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டருக்கும் தலா ஒன்று, அடையாளத்துக்கு. நாலு புத்தகம் படித்தவன் செய்கிற வேலையா என்றால், படித்ததால் வந்த வேலைதான்.

திங்கட்கிழமை மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர வேண்டும். எங்கள் வீட்டில் மாநிலம் தாண்டி வேலைக்குப் போகிற முதல் ஆள். பஸ்ஸில் போய் இறங்கினால் மதிக்கமாட்டார்கள் என்றே ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கலாமென்று திருப்பதியிலிருந்து சித்தூர் வந்தேன். சின்ன மேட்டுக்கே கரும்புகை கக்கித் திணறியது. பெங்களூர் வழியில் இருக்கும் பலமனேர் மலைச்சாலையை எப்படி ஏறும்?

சித்தூரில் ஒரு ஷெட்டில் நிறுத்தினேன். மெக்கானிக் ‘பம்பு’ என்று வாயெடுத்தால் கிளம்பிவிடுவதாக முடிவு. நல்ல பம்பைக் கழற்றிக்கொண்டு செத்த பம்பை மாட்டுவார்கள் என்று ஆபீசில் எச்சரித்திருந்தார்கள்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். “இன்னா சார், வண்டிக்கு அம்மை போட்டுக்கீதா?”

“முன்னாடி வெச்சிருந்தவர் வேலை” என்றேன்.

“பொகை கருப்பா, வெள்ளையா?”

கேள்வியிலேயே ஏதோ பொறி இருப்பதாகப் பட்டது. “கவனிக்கல.”

அவர் ஸ்பானரை எடுக்கும்போதெல்லாம் நானும் ஓரடி கிட்டே போனேன்.

“வெளிச்சத்த மறைக்காதீங்க சார்.”

பம்பைத் தொடவே இல்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். இன்ஜின் உறுமியது, புகையைக் காணோம்.

“காத்து பத்தல. மூக்கு அடைச்சிக்கினு கீது.”

ஃபில்டர் காற்றை இழுக்கும் வாய்க்குள் விரலை விட்டு இழுத்தார். மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே குங்குமம், ஒரு நாணயம்.

“வேண்டாதவங்க யாரோ வெச்சிட்டாங்க சார்!”

வைத்தது நான். ஆபீசில் பகுத்தறிவு பேசுகிறவன், காரின் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டுப் போக முடியுமா? வண்டி பூஜையில் பூசாரி கொடுத்த முடிச்சை, யாருக்கும் தெரியாமல் ஃபில்டரின் அந்த வாயருகே கட்டி ஒளித்திருந்தேன். அவிழ்ந்து உள்ளே போயிருக்கிறது.

“யாரா இருக்கும்?” என்று நானும் யோசிப்பதுபோல் நின்றேன்.

மறுநாள் கார் மலைச்சாலையை அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. பெங்களூரில் கம்பெனி விடுதி வாசலில் பெருமையாக நிறுத்தி, நானே இறங்கி மகனின் பெட்டியை எடுத்தேன். அவன் வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வந்து காதோடு சொன்னான்:

“நைனா, உன்ன டிரைவர்னு நெனச்சிக்கினு கீறாரு. நானும் ஆமான்னுட்டேன். நீ கெளம்பு.”