இடது சக்கரத்து மை

காத்தவராயனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மீனவக் குப்பத்தில் பிறந்தவனுக்கு இதைவிட வேறு குறை வேண்டுமா? மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வருகிற குப்பம் அது. அவன் அப்பா, பெரியப்பா எல்லோரும் கட்டுமரத்தில் நின்றபடியே சோறு தின்றவர்கள். இவனோ முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. உடம்பு செய்கிற கோளாறுக்கு மனுஷன் என்ன செய்வான்? குப்பத்தில் யாரும் அப்படி யோசிக்கவில்லை. 'தரைக்காரன்' என்று பேர் வைத்தார்கள். வைத்தவர்களில் பாதிப் பேர் செத்தும் போனார்கள், பேர் மட்டும் போகவில்லை.

தரைக்காரனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. மீன் ஏற்ற வந்த லாரியில் கிளீனராக ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனவன், அங்கேயே டிரைவர் ஆகிவிட்டான். முதலாளி கோபாலகிருஷ்ணனுக்கு அரிசி ஆலை இருந்தது, நெல் ஏற்ற மாட்டுவண்டிகள் இருந்தன, வாடகைக்கு விட ஒரு பழைய கறுப்பு அம்பாசிடரும் இருந்தது. மாட்டுவண்டிக் கொட்டகையின் ஓரத்தில்தான் காரும் நின்றது. கார் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு அறை. அதில்தான் அவன் படுப்பான், ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை தின்பான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ரயிலில் வந்து இறங்கிக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டே வருவார்கள். இவன் கண்ணாடியில் அவர்கள் வாயசைவைப் பார்ப்பான். இறங்கும்போது ஒருத்தராவது திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு அது பெரிய விஷயம்.

அதனால் அவன் காரோடு பேசினான். பைத்தியம் என்று சொல்லாதீர்கள். தனியாக இருக்கிறவர்கள் சுவரோடு பேசுகிறார்கள், நாயோடு பேசுகிறார்கள். கார் அதைவிட மேல், பதில் சொல்லும். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அசைத்துப் பார்ப்பான். சக்கரம் திரும்புவதற்கு முன்னால் கையில் எவ்வளவு ஆட்டம் சும்மா போகிறது என்று தெரியும். நேற்றைவிட இன்றைக்கு ஆட்டம் கூடியிருந்தால் அடியில் ஏதோ தேய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் கால் எவ்வளவு ஆழம் போகிறது, கல் மாதிரி நிற்கிறதா, பஞ்சு மாதிரி அமுங்குகிறதா என்று பார்ப்பான். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் ஒருமுறை நிறுத்திப் பார்க்காமல் அவன் தெருவில் இறங்கியதே இல்லை. வளைவு வந்தால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான். வளைந்துகொண்டே பிரேக் போடுகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "இன்னா டிரைவர், பொண சவாரியா?" என்று பின்னால் இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வான்.

அவனுக்கென்று இருந்தவள் அக்கா ஆதியம்மாள் ஒருத்திதான். அவள் மகள் வச்சலாவுக்குக் கடப்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம், முகூர்த்தம் மாப்பிள்ளை ஊரில். முந்தின நாளே பெண்ணை அழைத்துப் போக வேண்டும். செய்தி கேட்டதும் காத்தவராயன் பஸ் ஏறிக் குப்பத்துக்கு ஓடினான்.

"அக்கா, பொண்ண நான் கார்ல இட்டுக்கினு போறேன். தாய்மாமன் சீர் அது."

ஆதியம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதலாளி வுடுவாரா?"

"கேட்டுட்டேன். வுடறேன்னாரு."

"அப்போ வா. இந்தக் குப்பத்துல எந்தப் பொண்ணும் கார்ல போனதில்ல. தரைக்காரன் தரைக்காரன்னானுங்களே, வாயப் பொளந்துக்கினு பாக்கட்டும்."

அதுவரை அக்கா அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

காரில் ஒரு தொல்லை இருந்தது. முன்பக்கத்து இடது சக்கரம், பிரேக் போடும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். கடற்கரை ரோட்டில் ஓடுகிற வண்டி, உப்புக் காற்றில் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம் துரு பிடிக்கும், கத்தத்தான் செய்யும். பிடிப்பதில் குறை இல்லை. ஆனாலும் மாட்டுவண்டிக்காரர் அப்பாசாமியிடம் காத்தவராயன் வாய் தவறிச் சொன்னான்: "கல்யாணத்தன்னிக்கு இது கத்திக்கினே போனா நல்லாவா இருக்கும் பெரியவரே?"

அப்பாசாமி காது கேட்பது மந்தம் என்றாலும் இதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். கல்யாண வண்டி அழக்கூடாது. அவர் வண்டி கட்டிப் போன கல்யாணம் எதிலும் சக்கரம் ஒரு சத்தம் போட்டதில்லை. முந்தின ராத்திரியே அச்சுக்கு மை போட்டுவிடுவார். வைக்கோல் கரியும் ஆமணக்கெண்ணெயும் குழைத்த மை, வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் எப்போதும் தொங்கும்.

புறப்படுகிற அன்று காலையில் காத்தவராயன் காரைக் கழுவினான். சாமந்திச் சரம் வாங்கி முன்னால் கட்டினான். கொட்டகையை விட்டு வந்ததும் வழக்கம்போலப் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். நின்றது. சத்தமே இல்லை. கீச்சுச் சத்தம் எங்கே போனது என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக வண்டிக்கே புத்தி வந்துவிட்டது என்று தட்டிக்கொடுத்தான்.

திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் ஒரு ஏரிக்கரை வளைவு. வளைவைத் தாண்டி நேராக்கினான், எதிரே ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தான். கார் நிற்கிறதற்குப் பதிலாக வலது பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியது. வலது பக்கம் ஏரித் தண்ணீர். அந்த நேரத்தில் இன்னும் அழுத்தி மிதிக்கத்தான் கால் சொல்லும். அவன் காலை எடுத்தான். எடுத்ததும் இழுப்பு விட்டது, ஸ்டியரிங் கைக்கு வந்தது. இடது பக்கம் திருப்பி நேராக்கி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். கடைசி ஆடு பம்பரில் உரசிக்கொண்டு போனது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று ஆட்டுக்காரி கத்தினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. வலது சக்கரம் பிடிக்கிறது, இடது சக்கரம் பிடிக்கவில்லை. இரண்டு மாட்டில் ஒரு மாடு நின்று ஒரு மாடு நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? நின்ற மாட்டுப் பக்கம்தான். கழற்றிப் பார்க்கலாம் என்றால் ராகு காலத்துக்கு முன்னால் பெண் கிளம்ப வேண்டும். அங்கே வாசலில் எல்லோரும் காத்திருப்பார்கள். சொல்லாமல் இங்கே உட்கார்ந்துவிட்டால் அவர்கள் வேறு வண்டி பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஒரே கியரில், கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கையே நம்பி, ஹாரனை அடித்துக்கொண்டே ஊர்ந்து போனான்.

குப்பத்தில் கார் நுழைந்ததும் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். வச்சலா பட்டுப் புடவையில் வாசலில் நின்றாள். ஆதியம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தாள், பொண்ணுக்கு இல்லை, காருக்கு.

"அக்கா, நில்லு. பொண்ண இதுல ஏத்த முடியாது. பிரேக்கு ஒரு பக்கம் இழுக்குது."

ஆதியம்மாள் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் புருஷன் பூவராகவன்தான் முன்னால் வந்தான். "இன்னா மச்சான் வெளையாடறே? இத்தினி தூரம் வந்துக்கீது, இன்னும் கொஞ்ச தூரம் போவாதா?"

"போவும் மாமா. போறதுக்கு ஒரு கொறையும் இல்ல. நிக்கறதுதான் பேஜாரு."

"கடல்ல பிரேக்கா கீது? நாங்க போயிட்டு வரல? வளைச்சி வளைச்சி ஓட்டுவியா!"

"கடல்ல எதிர்ல புளியமரம் வருமா மாமா?"

சிலர் சிரித்தார்கள். பூவராகவன் சிரிக்கவில்லை. "துடுப்பு புடிக்கத்தான் பயம்னு பாத்தா, ஸ்டியரிங் புடிக்கவும் பயமா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆதியம்மாள் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "டேய், நீ மட்டும் இதுலதானே வந்தே? உனுக்கு ஒண்ணும் ஆவலியே."

"எனுக்கு ஆனா கேக்க யார்க்கா கீறாங்க?"

"நான் செத்தா போயிட்டேன்?"

அவள் கண் கலங்கியிருந்தது. கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "மெதுவா ஓட்டுடா. எல்லார் கிட்டயும் சொல்லிட்டேன்டா."

அந்த ஒரு சொல்லுக்கு அவன் சம்மதித்திருக்கலாம். நூற்றில் தொண்ணூறு பேர் சம்மதித்திருப்பார்கள், பாதிப் பேர் பத்திரமாகப் போயும் சேர்ந்திருப்பார்கள். அவன் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். "மாட்டேன்க்கா" என்றான். பிடிவாதம் என்று குப்பமே சொன்னது. பிடிவாதம்தான். அது நல்ல பிடிவாதமா கெட்ட பிடிவாதமா என்று சொல்லுகிற உரிமை பின்சீட்டில் உட்காரப் போகிறவளுக்குத்தான் உண்டு. அவளை யாரும் கேட்கவில்லை.

வச்சலா மீன் லாரியில் போனாள். ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பலகை மேல் பாய் விரித்து, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரப் பெண்களோடு உட்கார்ந்து போனாள். லாரி போன பிறகு வாசலில் கோலமும் காரும் காத்தவராயனும் மட்டும் இருந்தார்கள்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மை இழுத்ததும் கறுப்பாக வழிந்தது. மோந்து பார்த்தான். ஆமணக்கெண்ணெய். தகட்டு இடுக்கில் குச்சியால் திணித்திருந்த வைக்கோல் கரி அப்படியே இருந்தது. காலையில் எண்ணெய் கொஞ்சம்தான் கசிந்திருக்கிறது, ஓட ஓடச் சூட்டில் முழுக்க இறங்கியிருக்கிறது. வண்டிச் சக்கரத்தில் அச்சுதான் கத்தும், வழுக்கினால் நல்லது. காரில் கத்தியது பிடிக்கிற இடம். அங்கே வழுக்கினால் என்ன ஆகும் என்று அப்பாசாமிக்கு எப்படித் தெரியும்? ஆசையாக, யாரிடமும் சொல்லாமல், கல்யாணப் பெண்ணுக்காகச் செய்திருக்கிறார். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்காமல் காத்தவராயன் மணலில் உட்கார்ந்திருந்தான்.

டிரம்மைப் பிடிக்கிற லைனிங் பட்டை எண்ணெய் குடித்துவிட்டால் துடைத்துப் போகாது. மாமல்லபுரத்துக்கு நடந்து போய் வாடகை வண்டிக்காரன் ஒருத்தனிடம் லைனிங் ஒட்டிய பழைய பிரேக் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தான். டிரம்மைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காயவைத்து மாட்டினான். ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாகப் போய் நிறுத்தினான், கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தினான், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி நிறுத்தினான். நேராக நின்றது. கீச்சென்று கத்தியது. சூரியன் போய்விட்டிருந்தது.

விடிவதற்கு முன்னால் கிளம்பி முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கடப்பாக்கம் போய்ச் சேர்ந்தான். பந்தலுக்குள் போனபோது தாய்மாமன் இடத்தில் அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி நீலமேகம் உட்கார்ந்திருந்தான். வருவானோ மாட்டானோ என்று ராத்திரியே பேசி வைத்துவிட்டார்கள். பெண்ணின் நெற்றியில் கட்டுகிற பட்டம் அவன் மடியில் இருந்தது. காத்தவராயனைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். ஆதியம்மாள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி மூக்கைச் சேலையால் பொத்தி, "பொண்ணு வந்துச்சா, கருவாடு வந்துச்சா?" என்றாள். பந்தலே சிரித்தது. வச்சலா தலை நிமிரவில்லை. காத்தவராயன் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டான்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு கிளம்பினார்கள். சாமந்தி வாடினாலும் கார் பளபளவென்று நின்றது. யாரோ, "கார்ல போவட்டுமே" என்றார்கள்.

"வேணாம்" என்றாள் ஆதியம்மாள். "இப்ப ஏத்தினா, அப்போ ஏன் ஏத்தலன்னு நாலு பேர் கேப்பாங்க. வந்த வண்டியிலயே போவட்டும்." பிறகு அவனிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "இப்ப நிக்குதா?"

"நிக்குது."

"அப்போ ஒண்டியாவே போய்ச் சேரு. வழியில பத்தரம்."

வச்சலா லாரியில் ஏறும்போது மட்டும் திரும்பினாள். "மாமா, எங்க பின்னாலயே வா."

வந்தான். கடப்பாக்கத்திலிருந்து குப்பத்துக்குக் கடலோரமாக நேர் ரோடு கிடையாது, செங்கல்பட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். மதுராந்தகம் தாண்டி ரோடு முழுக்க அறுத்த நெற்கதிரைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. வைக்கோல் மேல் பிரேக் போட்டால் சக்கரம் சறுக்கும், ஸ்டியரிங்கைத் திருகினாலும் சறுக்கும். அவன் காலை லேசாக்கி, கையை அசைக்காமல், லாரிக்கு வெகுதூரம் பின்னால் வந்தான். லாரியில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அரையும் குறையுமாகக் கேட்டது. வச்சலா பின்பலகையில் கையூன்றி எழுந்து, கிட்ட வா, கிட்ட வா என்று கையாட்டினாள்.

முன்னால் போகிற வண்டி எந்த நேரமும் நிற்கலாம். நடுவில் இடம் வேண்டும். அவன் விளக்கை ஒருமுறை போட்டு அணைத்து, பார்த்தேன் என்று காட்டினான். நெருங்கவில்லை. அந்த இடத்தில் முதலில் ஒரு கட்டை வண்டி நுழைந்தது, பிறகு ஒரு பஸ். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் வச்சலாவின் கை தெரியவில்லை. செங்கல்பட்டு வந்ததும் லாரி குப்பத்துக்குப் போகிற திருக்கழுக்குன்றம் ரோட்டில் போய்விட்டது. இவன் கை காட்டி, வேகத்தைக் குறைத்து, கொட்டகைத் தெருவுக்குள் திரும்பினான்.