முதலாளி பணயமாக நின்ற பகல்

மணலுக்குள்ளிருந்து முதலில் வெளிவந்தது ஒரு டீசல் ஜெனரேட்டரின் தலைப்பகுதி. சுனாமி வடிந்தபின் கல்லடியில் எங்கள் பட்டறை இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை. அலையில் இறந்த தன் தங்கையை முதல்நாள்தான் அடக்கம் செய்துவிட்டு வந்த முதலாளி, அந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயால் கழுவிக்கொண்டேயிருந்தார். மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் சின்னக் கடையாகத் தொடங்கியதை, அரிசி ஆலைகளுக்கும் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் மின்வேலை செய்யும் கம்பெனியாக வளர்த்தவர் அவர். அங்கே மின்வேலை செய்த ஒரே பெண் நான்; என்னை அவர் 'மகள்' என்றே கூப்பிடுவார்.

சில மாதங்கள் கழித்து அந்த ஜெனரேட்டரைத் திருத்திப் பனிச்சங்கேணி அகதி முகாமுக்குக் கொண்டுபோனோம். அங்கே கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. புதிதாகத் தோண்டிய குழாய்க்கிணற்றில் தண்ணீர் இறைக்க மின்சாரம் வேண்டியிருந்தது. மாங்கேணி இராணுவச் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தார்கள். பற்றரிகளையும் வயரையும் கண்டதும், குண்டு செய்யும் சாமானோ என்று அதிகாரியின் முகம் மாறியது. அனுமதி இருந்தும் அவர் அசையவில்லை. வெயிலில் வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டு, லொறி திரும்பி வரும்வரை ஓர் ஆள் இங்கே இருக்க வேண்டும் என்றார்.

முதலாளி உடனே இறங்கினார். "நீங்க போங்க மகள். சனம் தண்ணி இல்லாமக் கிடக்கு. நான் இதுல நிக்கன்."

எப்படி வயர் பூட்டினேன் என்று இன்றும் தெரியாது. தண்ணீர் வந்ததும், சனம் அதைக் குடிப்பதைப் பார்க்கக்கூட நிற்காமல் திரும்பினோம். சாவடியில் அவரைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். லொறியை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

லொறி ஓட்டிய, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணன் மெல்லச் சொன்னார்: "சத்தம் போடாதீங்க பிள்ளை. ஏறுங்க, போவம்."

"அவர் வராம நான் வர மாட்டன்" என்று தடைக்கம்பத்தின் முன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் பின்பக்கத்திலிருந்து முதலாளி வந்தார். கையெல்லாம் கிரீஸ். சாவடியில் பழுதாகிக் கிடந்த ஜெனரேட்டரைத் திருத்தச் சொல்லியிருந்தார்களாம்.

அது அத்தோடு முடியவில்லை. மறுபக்கத்து ஆயுதக்காரர் இருவர் எங்கள் தற்காலிகப் பட்டறைக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் கேட்டான்: "அவங்கட மெசின என்னத்துக்குத் திருத்தின நீங்க?"

"திருத்தாட்டி விட்டிருக்க மாட்டாங்க தம்பி. இந்தப் பிள்ளையும் அங்கயே இருந்திருக்கும்."

அவர்கள் வாதிக்கவில்லை. முதலாளியை ஊரை விட்டுப் போய்விடச் சொன்னார்கள். வெளிநாடு புறப்படுமுன் அவர் பட்டறைச் சாவியை என்னிடம் தந்தார். "பயமெண்டா மூடிப்போடுங்க மகள். உயிர்தான் முக்கியம்." ஒவ்வொரு நாளும் பயந்தேன். சண்டை முகாமை அடுத்த வாகரைக்கு வந்து சனம் இடம்பெயர்ந்தபோதும் பயந்தேன். மூட மட்டும் மனம் வரவில்லை.

போர் முடிந்து, கூரைகளில் சூரிய மின்தகடு பூட்டும் வேலை எங்களுக்குப் பெருகியிருந்த நேரம் அவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். வாசலில் நின்றவரைப் புதுப் பொடியன்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆர் ஐயா வேணும்?" என்றார்கள். நான் ஓடிப்போய் என் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. மேசையில் கழற்றிக் கிடந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இஞ்ச ஒரு வேலை கிடைக்குமா மகள்?"

பகிடி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பையை வாங்கி உள்ளே வைத்தேன்.