குவைத்துக்குப் போனது என் மனைவி

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். வெல்டர், ஃபிட்டர் என்றால் ஏஜெண்டுகள் தேடி வருவார்கள். "நீ எப்போப்பா கெளம்பற?" என்று ரயிலில் பார்ப்பவர்களெல்லாம் கேட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் வேலை கிடைத்தது எனக்கல்ல, என் மனைவிக்கு.

அவள் பொன்னேரியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை செய்த பெண் ஒருத்தி இன்டர்வியூவுக்குத் தனியாகப் போகப் பயந்ததால் இவள் துணைக்கு மெட்ராஸ் போனாள். போன இடத்தில் இவளையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கூட்டிப் போனவளுக்குக் கிடைக்கவில்லை, துணைக்குப் போனவளுக்குக் கிடைத்தது. குவைத்தில் ஒரு பெரிய மருத்துவமனை, இரண்டு வருட ஒப்பந்தம்.

துணி மடித்துக்கொண்டே என்னிடம் இதைச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும் அதே மூச்சில் சொன்னாள். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. என் அம்மா பக்கத்து அறையில் படுத்திருந்தாள்.

அம்மா அதுவரை ஒரு நாள் படுத்தவளில்லை. மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னை ஐ.டி.ஐ. வரை படிக்கவைத்தவள். ஒரு மழை நாளில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அன்று முதல் அவளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கையிலேயே பெட்பேன் வைத்து எடுத்ததெல்லாம் என் மனைவிதான். மகனாக நான் செய்தது வெளியே நின்று, "முடிஞ்சுதா?" என்று கேட்டதுதான்.

அவள் போகவில்லை என்றதும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த நாட்களில் அவள் பேச்சு ஒரே இடத்தைச் சுற்றியது. அந்த மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஒரு வார்டு இருக்கிறதாம். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு மாறாமல் வைத்துக் காப்பாற்றுவார்களாம். பொன்னேரியில் அப்படிப் பிறக்கும் குழந்தைகளைப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சில நாள் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். அன்று ஒரு குழந்தை பிழைக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம், "நீ போய்ட்டு வா" என்றேன்.

"அத்தைய யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன். இன்னா செய்யணும்னு கத்துக் குடு."

அவள் ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து, ஆளைத் தூக்காமலே விரிப்பு மாற்றுவது எப்படி என்று காட்ட ஆரம்பித்தாள்.

அம்மா மருமகள் போவதைத் தடுக்கவில்லை. என் கை படுவதுதான் அவளுக்கு ஆகவில்லை. நான் அருகே போனாலே புடவையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டாம் நாளே மனைவி அவள் வறண்ட நாக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். பெட்பேன் தேவைப்படக் கூடாதென்று தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

நான் கோபமாகத்தான் உள்ளே போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் நிற்கவில்லை.

"தண்ணி குடிம்மா" என்றேன்.

"உன்ன நான் கழுவுனது வேற, நைனா. நீ என்னக் கழுவறது வேற. அதுக்கு நான் செத்துப் போலாம்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

மனைவிதான் வழி சொன்னாள். கைக்கெட்டும் உயரத்தில் பிடிமானம் ஒன்று இருந்தால் அம்மாவே இடுப்பைத் தூக்கிக்கொள்வாள், பெட்பேனைத் தானே நகர்த்திக்கொள்வாள், எடுத்துக் கொட்டுவது மட்டும்தான் என் வேலை என்றாள். நாற்று நட்ட கைகள், பலம் இன்னும் அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் கேட்டேன். கழிவில் கிடந்த குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெட்டி, வெல்டிங் வைத்து, கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தினேன். மேலிருந்து ஒரு கைப்பிடி தொங்கியது.

அம்மா முதல் நாள் அதைத் தொடவில்லை. மறுநாள் எட்டிப் பிடித்தாள். இடுப்பு விரிப்பைவிட்டு எழுந்ததும் வலியில் முகம் கோணியது, ஆனாலும் கையை விடவில்லை. இடுப்பை இறக்கியதும் தண்ணீர் கேட்டாள்.

மனைவி கிளம்பும் முன் அம்மா கைப்பிடியில் எழும்பப் பழகிக்கொண்டாள். நானும் பழகிக்கொண்டேன். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். காலையில் பழவேற்காட்டு மீன் விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிறவள். நான் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். நான் வேலைக்குப் போனதும் அவள் வந்து அம்மாவோடு இருப்பாள். 'பொண்டாட்டிய அனுப்பிச்சுட்டு ஊட்ல குந்திக்கினு சமைக்கிறான்' என்று தெருவில் பேசினார்கள். ஆரம்பத்தில் சுருக்கென்றது. பிறகு முதுகில் புண் வராமல் பார்ப்பதிலும் சோறு குழையாமல் வடிப்பதிலும் கவனம் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து மனைவி லீவில் வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே போய் அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். தோல் நன்றாக இருந்தது. விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவியபடி, குழந்தைகள் பிழைத்தனவா என்றுதான் கேட்டாள். நிறையப் பிழைத்தன என்றாள்.

அவளைத் திரும்ப அனுப்பிவைத்ததும் அம்மாதான். நான் தயங்கினேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனைக்குத் தூக்கிப்போன மூன்றாம் நாள் போய்ச்சேர்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். குவைத்துக்குத் தந்தி கொடுத்தேன். சில நாள் கழித்து மனைவி பொன்னேரி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

லைனில் இரைச்சல் அதிகம். அவள் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. "கடைசியா நல்லா இன்னா சாப்ட்டாங்க?" என்று கேட்டாள்.

"மீன்காரக்கா எறா கொழம்பு குடுத்தாங்க. ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்ட்டா."

அந்தப் பக்கம் சிரித்த மாதிரி இருந்தது. அழுதாளோ என்னவோ, அதற்குள் லைன் அறுந்துவிட்டது.