மாடிவீட்டு கேரட் ஊறுகாய்

என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவருடைய தம்பி மனைவிக்கு, ஊறுகாய் போடத் தெரியும் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கேரட், முள்ளங்கி, வெள்ளரிக்காயை நீளநீளமாக நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் நிறுத்துவாள். தண்ணீரில் வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து மேலே ஊற்றுவாள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைப்பாள். மறுநாளே சாப்பிடலாம். வெயில் கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இதற்குப் பெயர் ஊறுகாயா என்று என் கணவரிடம் கேட்டேன். "நல்லாத்தான இருக்குது" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

துடியலூரில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் எல்லாம் என் கைதான். விருந்துக்கு வருகிறவர்கள் போகும்போது ஒரு டப்பா கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பெருமை போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகளைத்தான் விட முடியவில்லை.

பெருந்துறைப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை மதியம் வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். வந்ததும் பையை என் கூடத்தில் போட்டுவிட்டு நேரே மாடிக்கு ஓடுவாள். "சித்தி, கேரட் இருக்குதுங்களா?" என்று அவள் கேட்பது எனக்கு அடுக்களை வரை கேட்கும். என் பிள்ளை எனக்கு வாரத்தில் ஒன்றரை நாள். அதிலும் பங்குக்கு ஆள் வந்தால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மாடியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் போட்டேன். கேரட்டோடு சின்ன வெங்காயமும் கீறின பச்சை மிளகாயும் சேர்த்தேன். வினிகர் தண்ணீரையும் ஊற்றியாயிற்று. பார்த்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. கை சும்மா இருக்குமா? கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தாராளமாக மேலே கொட்டினேன். ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டிலிருந்து வருகிற தேங்காய் எண்ணெய். எங்கள் அடுக்களையில் தாளிப்பது எப்போதும் அதில்தான்.

சனிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை. இத்தனை வருடத்தில் என் ஊறுகாய் ஒன்றுகூடப் பூத்ததில்லை. அவளுடையது ஒரு வாரம் ஆனாலும் மொறுமொறுவென்று இருக்கிறது, என்னுடையது ஒரே ராத்திரியில் பூத்துவிட்டது. தொட்டியில் கவிழ்க்கப் போன நேரத்தில், பின்கட்டில் கறிவேப்பிலை பறிக்க வந்த ஓரகத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, அதை எதுக்குக் கொட்டறீங்க?"

"பூத்துப்போச்சு" என்றேன். மறைக்க வழியில்லை.

உள்ளே வந்தாள். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பூஞ்சை இல்லீங்க்கா. தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோச்சு, அவ்வளவுதானுங்க."

மார்கழியில் தலைக்கு வைக்கிற எண்ணெயைத் தினமும் வெயிலில் வைத்து உருக்குகிறவள் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவளுடைய பாட்டிலையே நினைத்துக்கொண்டிருந்ததில் புத்தி வேலை செய்யவில்லை. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். பாட்டிலை மிதமான சுடுதண்ணீரில் நிறுத்தி வைத்தாள். சற்று நேரத்தில் எண்ணெய் இளகிக் கடுகு கீழே இறங்கியது.

மதியம் மகள் வந்தாள். அன்றைக்கு அவள் மாடி ஏறவில்லை, சித்திதான் கீழே என் மேஜையில் உட்கார்ந்திருந்தாளே. தயிர்ச்சோற்றுக்கு அந்தக் கேரட்டை ஒன்று கடித்தாள். உடனே இன்னும் நாலு எடுத்துக்கொண்டாள்.

"சித்தி, இந்த வாட்டி வேற மாதிரி செஞ்சிருக்கீங்க. இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதானுங்க டாப்பு."

நான் ஓரகத்தியின் வாயைப் பார்த்தேன். அவள் பேசாமல் இருந்தால் போதும், ஆயுசுக்கும் சண்டை போட எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

"நானெங்க செஞ்சேன்? உங்கம்மா செஞ்சது கண்ணு. எனக்கெல்லாம் இப்படி வராது" என்றாள்.

மகள் கையில் கேரட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நெசமாவாம்மா? சித்திகிட்டக் கத்துக்கிட்டியா?"

"ஆமா கண்ணு" என்றேன். ஓரகத்தி எழுந்து எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால், அவளை நிம்மதியாக வெறுத்துக்கொண்டு அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருப்பேன்.