மூன்று முறை நிற்க வைத்தேன்

என் அப்பாவை நான் அடித்திருக்கிறேன். கை நடுங்கும் நோயாளியை, எலும்பும் தோலுமாக இருந்தவரை, மரக்காணம் உப்பளத்தில் பத்துப் பேர் பார்க்க அடித்தேன்.

பார்க்கின்சன் என்று தெரிந்து நான்கு வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் ஆள் பாதியாகிவிட்டார். லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தால் நன்றாகப் பேசுவார், எழுந்தால் தள்ளாடி விழுவார். அம்மா அதைப் பிரஷர் என்று முடிவுகட்டி, அவர் கஞ்சியில் உப்பை நிறுத்தினாள். சப்பென்ற கஞ்சியை அவர் பாதியில் வைத்துவிடுவார். நான் சாராயம் என்றேன். பக்கத்துக் குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துக் கொத்தாக ஆட்கள் செத்திருந்த நேரம் அது. எங்கள் தெருவில் வீடு திரும்பும் ஆண்களை வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வோம். அப்பா வாயில் வெற்றிலை வாசனைதான் வரும். அதைப் போட்டு மறைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை நான் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்த அப்பா எழுந்தார். அப்படியே உப்புக் குவியலில் குப்புற விழுந்தார்.

“உங்கப்பன் காலையிலயே ஏத்திட்டாருடா,” என்று கூட வேலை செய்த ஒருவன் சிரித்தான்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். “எங்க குடிச்ச? சொல்லு!” என்று கன்னத்தில் அறைந்தேன். சரிந்தார். நடிப்பு என்று நினைத்து மறுபடி நிறுத்தி அறைந்தேன். மூன்றாம் முறை உதடு கிழிந்தது. உப்பில் முகம் புதைந்து, “எரியுதுடா” என்று மட்டும் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை. பயந்துபோய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து ஒருமுறையும், தாங்கிப் பிடித்து நிற்கவைத்து ஒருமுறையும் பிரஷர் பார்த்தார்.

“குடியெல்லாம் இல்லைங்க. இந்த நோயில நரம்பு கெட்டு, எழுந்து நின்னா பிரஷர் சர்ருனு இறங்கிடுது. மூளைக்கு ரத்தம் போகாம மயங்கிடுறாரு. படுக்க வெச்சா தெளிஞ்சிடும். சாப்பாட்ல உப்பு போடுறீங்களா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உப்பு வாரிப் பிழைக்கிற குடும்பம் நாங்கள்.

“விழுந்தா தூக்கி நிக்க வெக்காதீங்க. உயிருக்கே ஆபத்து,” என்றார்.

நான் செய்தது அதைத்தான்.

இப்போது கஞ்சியில் உப்பு போடுகிறோம். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. தினமும் காலையில் அவரை உட்காரவைத்து, சற்று நேரம் பொறுத்து, மெல்ல எழுப்புவது என் வேலை. அக்குளில் கை கொடுக்கக் குனிவேன். உடனே நடுங்கும் கையால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

“நிக்கிறேன்டா, அடிக்காத.”