இரு, அம்மாவாண்ட குடுக்கிறேன்

என் வீட்டுக்காரர் ஊமை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வரும் இல்ல?" என்று கவலையோடு விசாரித்தார். வரும். தேவைப்பட்டால் வரும். தேவைப்படுவதுதான் அபூர்வம்.

குற்றம் முழுக்க அவருடையது என்றும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டடக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். உள்ளே பழுக்கக் காய்ந்த கம்பி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே எல்லாம் கை பாஷைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினால், எல்லாம் சரி, ஓடட்டும்.

அந்த பாஷையை அவர் யூனிஃபார்மோடு சேர்த்து வீட்டுக்கும் கொண்டுவந்தார். எனக்குப் பழகிவிட்டது. ஊருக்குப் பழகவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி, "உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?" என்று கேட்க, இவர் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். அவர்கள் முகம் சுண்டி, எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கேசரித் தட்டோடு வாசலுக்கு ஓடி, "அது சரின்னு அர்த்தங்க, மில்லு பாஷைங்க" என்று கெஞ்சி உட்கார வைத்தேன்.

நான் இதற்கு நேர் எதிர். பாட்டில் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற இடம். கை ஓடும், வாயும் ஓடும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அளந்து கொடுத்த பேச்சை நானே மொத்தமாக எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

அவர் ரிட்டையர் ஆகப் போகிறார் என்றதும் மில்லில் இருந்து ஜோடி ஜோடியாகத் திருவள்ளூரில் ஒரு மண்டபத்துக்கு அழைத்தார்கள். ஓய்வுக்குப் பிறகு எப்படி வாழ்வது என்று வகுப்பு. மதியம் பிரியாணி என்று சொன்னதால் ஒருவர்கூட லீவு போடவில்லை. ஒருவர் பென்ஷனைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் முழங்காலைப் பற்றிப் பேசினார். கடைசியாக ஒரு பெண் டாக்டர் மைக்கைப் பிடித்து, "ரிட்டையர் ஆன பிறகு யார் யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். ஒருவர் தம்பி, மச்சான் என்றார், ஒருவர் டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்றார். எங்கள் முறை வந்தபோது இவர் வாயைத் திறக்காமல் விரலை நீட்டி என்னைக் காட்டினார். மண்டபமே கை தட்டியது. அந்த வயதில் எனக்கு வெட்கம் வேறு வந்து தொலைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், பெரியபாளையம் தாண்டுவதற்குள் வெட்கம் எல்லாம் வடிந்துவிட்டது. ஏனென்றால் டாக்டர் கேட்டது பேர்களை. இவர் காட்டியது ஒரே ஒரு ஆளை. அந்த ஆளுக்கோ பிரஷர், சர்க்கரை இரண்டும் இருக்கிறது. இவருக்குத் தலைவலி மாத்திரைகூடக் கிடையாது.

"யோவ்," என்றேன், "நான் முன்னாடி போயிட்டா நீ யாராண்ட பேசுவ?"

முஷ்டியைத் தூக்கினார். நிறுத்து.

"கை காட்டாத, வாயத் தொறந்து சொல்லு."

"நீ எங்கமே போற? ஆம்பளைங்கதான் முன்னாடி போவாங்க."

அவர் மனதில் அப்படித்தான் திட்டம். அவர் போன பிறகு நான் தவித்துவிடக் கூடாது என்று, பாவம், ஒரு வருஷமாகவே எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மோட்டார் எப்படிப் போடுவது, ஃபியூஸ் போனால் என்ன செய்வது, ஏடிஎம்மில் யாராவது உதவிக்கு வந்தால் எப்படி முறைப்பது, எல்லாம் கற்றுக்கொடுத்தார். நான் முன்னால் போகலாம் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்து யார் முன்னால் போவது என்று ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி அடித்துக்கொண்டோம். இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை. ஆனால் பயம் மட்டும் பிடித்துக்கொண்டது. மோட்டார் போடத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். பேச ஆள் இல்லாவிட்டால் எங்கே போய்க் கேட்பது?

பிள்ளைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மகள் ஓசூரில், கட்டிக்கொடுத்த இடத்தில். மகன் புனேயில், கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில். இரண்டும் தங்கமான பிள்ளைகள். ஆனால் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். இவர் போனை எடுத்தால், "ம்... சாப்டியா? இரு, அம்மாவாண்ட குடுக்கிறேன்." அவ்வளவுதான். நெருப்பைத் தொட்ட மாதிரி போனை என் கையில் திணித்துவிடுவார். மகளுக்கும் மாமியாருக்கும் சண்டையா, மகனுக்கு மூல நோயா, எல்லாம் நான் கேட்டு, வடிகட்டி, இவருக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொல்வேன். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்குச் செய்தியே கிடையாது.

ஆகவே இவருக்குப் போன் பேசப் பழக்குவது என்று முடிவு செய்தேன். மகளில் ஆரம்பித்தேன். அவள்தான் சுலபம், பேச்சில் என் ஜாதி. நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, திருப்பி என்னிடம் தள்ளிவிடக் கூடாதே என்று முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா தானாகப் போன் செய்வது என்பது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. மகள் எடுத்த எடுப்பிலேயே, "நைனா? அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றிருக்கிறாள். இவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாம் சரி என்று உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். போனில்! அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராததால் அவள், "அய்யோ, அம்மா நல்லாகீதா, சொல்லு நைனா" என்று அலறினாள். இவர் தலையாட்டினார். அதுவும் போய்ச் சேரவில்லை. அவள் போனை வைத்துவிட்டு அழுதுகொண்டே எங்கள் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்தம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, தெருவில் இருந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடி வந்தாள். மஞ்சள் முகத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் போட்ட கூச்சலில் நான் போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு, "உனுக்கு வேற வேலையே இல்லியா? இன்னா பேஜாருமே இது" என்று என்னைத் திட்டிவிட்டு, வந்ததற்கு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் விடவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். "சாப்டியான்னு கேட்டியா, அதோட வுடாத. இன்னா கொழம்புன்னு கேளு."

"இன்னா கொழம்பா இருந்தா எனக்கின்னா? நானா சாப்புடப் போறேன்?"

"உனுக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்கு வேணும்."

யோசித்தார். அதன் பிறகு பேச ஆரம்பித்தார், ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளுக்கு ஒப்படைக்கிற மாதிரி. "தண்ணி வந்துச்சு. கரண்ட் போயி வந்துச்சு. அம்மா நாஷ்டா துன்னுச்சு. வேற ஒண்ணுமில்ல." டக்கென்று வைத்துவிடுவார். அதுவும் மில்லில் கத்திப் பழகிய தொண்டை. என் காலைச் சாப்பாட்டு விவரம் தெருக்கோடி வரை போனது. மகள் எனக்குத் தனியாகப் போன் செய்து, "ஸ்டேஷன்ல ரயில் வருதுன்னு சொல்றாப்ல கீதும்மா" என்று சிரித்தாள். சிரித்தாலும் அவளுக்கு அது பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில் அவளே அவரை நிறுத்தி வைத்து வார்த்தையைப் பிடுங்க ஆரம்பித்தாள். வீடியோ காலில் அவர் கை பாஷை நன்றாகவே வேலை செய்தது, முகத்துக்குப் பதில் சீலிங் ஃபேனைக் காட்டாத நாட்களில்.

மகன்தான் பெரிய மலை. இவரை அப்படியே அச்சில் ஊற்றி எடுத்தவன். அவர்கள் பேசியதை ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ம்."

"ம்."

"வேலல்லாம்?"

"போவுது நைனா."

"ம்."

பிறகு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு படி அரிசி களைந்து உலையில் போட்டிருக்கலாம். "நீங்க பேசறதுக்கு எதுக்குய்யா காத்து வாங்கினு டவரு நிக்கணும்?" என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முதல் மகனுக்கு என்றால் போனை எடுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்துக்கு அடியில் போய்விடுவார். அங்கே என்ன நடந்தது, பேசினார்களா, மறுபடியும் டவரை நிற்க வைத்தார்களா, தெரியாது. வெறுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன். இவருக்கு மகள் ஒருத்தியாவது மிஞ்சுகிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டு இறால் வந்திருந்தது. வாசல் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். மகன் போன் செய்தான். எனக்கு இல்லை, அவருக்கு. வெளியே இவர், "சொல்லுடா" என்றார். பிறகு வழக்கமான அமைதி. அது நீண்டுகொண்டே போனது. இடையில் இவர், "எத்தினி நாளா?" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல, அம்மாவாண்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

எழுந்து போய்ப் போனைப் பிடுங்கியிருப்பேன், சத்தியமாக. ஆனால் அதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிட்டார். இவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எனுக்கும் இருந்துச்சுடா. நீ சின்னப் புள்ள அப்ப. கம்பி தடத்த வுட்டு எகிறி, பக்கத்துல நின்னவன் கால்ல போயிருச்சு. அதுக்கப்பறம் காலைல மில்லு கேட்டு வரிக்கும் போவேன், உள்ள போவக் கால் வராது. நெஞ்சு அடிச்சிக்கும். வெளிய லாரிங்க நிக்கும் பாரு, அதுங்க பின்னால போயி நின்னுக்குவேன். உங்கம்மாவுக்குத் தெரியாது. யாராண்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்டா. நீ சொல்லிட்ட பாரு, அதுவே பெருசு." பிறகு, "டாக்டராண்ட போலாம். இதுல இன்னா வெக்கம்? நான் வரேன். ரெண்டு பேரும் போலாம்" என்றார்.

இறாலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மகனுக்காக அழுதேன். லாரிகளுக்குப் பின்னால் நின்ற அந்த இளவயசு மனுஷனுக்காகவும் அழுதேன். தினமும் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னானே என்று பொறாமையும் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், வந்தது.

உள்ளே வந்தார். "இன்னா சொன்னான்?" என்றேன்.

"சும்மாதான். பூனா போயி அவன ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு கீது."

"நானும் வரட்டா?"

"நீ வேணாம். தூரம். உனுக்குக் கால் வீங்கும்."

எவ்வளவு தாங்குமோ அவ்வளவு எனக்குச் சொல்கிறார். வருஷக்கணக்காக நான் செய்த அதே வேலை. நினைத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் கறந்திருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இறால் தொக்கு கிண்டி டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். இன்னொரு டப்பாவில் பருப்புப் பொடி. மறுநாள் காலை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து புனே ரயில் ஏறினார்.

அடுத்த நாள் மகள் கூப்பிட்டாள். "நைனா போன் போவ மாட்டேங்குது. எங்க?"

"உன் தம்பிய பாக்கப் போயிருக்காரு."

"தனியாவா? எதுக்கு?"

இந்த வீட்டில் ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் இருந்ததே கிடையாது. அன்றும் தெரியும். "எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். "அவங்க ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கினாங்க."

"யாரு, அவங்களா? பேசிக்கினாங்களா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா, ரொம்ப நேரம்" என்றேன். இனி நான் எப்போது போனாலும் கவலை இல்லை என்று தோன்றியது. போகிற எண்ணம் மட்டும் எனக்குத் துளியும் இல்லை.