வாசலுக்கு வராதீர்கள், மண்டபத்துக்கு வாருங்கள்

பி.டி. டீச்சர் வேலை என்றால் விசில் ஊதினால் சம்பளம், மழை பெய்தால் ஓய்வு என்றுதான் ஊரில் நினைப்பு. எந்த வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் அது மைதானத்தை நோக்கித்தான் உருண்டு வரும் என்பது, என்னைப் போல அவதிப்பட்ட பி.டி. டீச்சர்களுக்குத் தெரியும். நான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்துப் பள்ளிக்கு வருகிறவள். ஆபத்து வந்தால் பிள்ளைகளை வெளியே கொண்டுவரும் பொறுப்பு யாருக்கு என்று பேச்சு வந்ததும், ஆசிரியர்கள் அத்தனை பேரும் என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுப் பை

மணி அடித்தால் எதையும் எடுக்காமல் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். முதல் ஒத்திகையில் வந்தார்கள், பாதிப் பேர் சாப்பாட்டுப் பையோடு. ஒருவன் மறந்துபோன பைக்காகத் திரும்பி மாடியேறவே போய்விட்டான். காலரைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மறுநாள் அவன் அம்மா முத்துமாரி, மில்லில் ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சு ஒட்டியபடி வந்து நின்றார். நான் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்புட்டும் சரி டீச்சர். வெளிய வந்த பொறவு பிள்ளைக்குப் பசிக்குமா பசிக்காதா?"

தெரு அடைத்தது

அடுத்த ஒத்திகைக்குத் தீயணைப்பு வண்டியையே வரச் சொல்லியிருந்தோம். பெற்றோருக்கு முன்கூட்டியே தகவலும் அனுப்பினோம். யார் படித்தார்கள்? பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்திருப்பதை யாரோ மதிலுக்கு வெளியே நின்று படமெடுத்து, "ஸ்கூல்ல தீ" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். சேத்தூர், செட்டியார்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் பைக்குகள் பறந்து வந்தன. எங்கள் தெருவோ ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய தெரு.

தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. அதிகாரி இறங்கி, பைக்குகளுக்கு நடுவே நுழைந்து நடந்தே வந்து, தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தீயை நாங்க அணைச்சிருவோம் டீச்சர். எங்களை இந்தத் தெருவுக்குள்ள கூட்டியார யாரைக் கூப்பிடுதது?"

அஞ்சலியின் மாமாக்கள்

அதே நாளில் இன்னொரு கூத்து. அம்மா, அப்பா, அல்லது அவர்கள் முன்பே சொல்லி வைத்த ஆள், இவர்களிடம் மட்டும்தான் பிள்ளையை ஒப்படைப்போம். இரண்டாம் வகுப்பு அஞ்சலியைக் கேட்டு ஒருவர் வந்தார். மாமாவாம். அஞ்சலியும் தலையாட்டினாள். பின்னாலேயே இன்னொரு மாமா, அடுத்து ஒருவர். எல்லோருக்கும் தலையாட்டினாள். அம்மாவுக்குத் தெரிந்த ஆண்பிள்ளை எவரும் நம் பக்கத்தில் மாமாதானே? நான் யாரிடமும் விடவில்லை. மாமாக்கள் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

கடைசியாக அவள் அம்மா வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "யார் கூப்பிட்டாலும் போயிருவா டீச்சர். குடுக்காம வச்சிருந்தீயளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்." அன்று பட்ட வசவெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே மறந்துவிட்டது.

பெற்றோர் கூட்டம்

"தயவுசெய்து யாரும் பள்ளிக்கு ஓடி வராதீங்க" என்று மைக்கில் கெஞ்சினேன். முத்துமாரி எழுந்தார்.

"வராதீயன்னா வரத்தான் செய்வோம். பெத்த வயிறு கேக்காது. வந்தா எங்க நிக்கணும்னு சொல்லுங்க டீச்சர், நிக்கோம்."

புகை

தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் நிற்பது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சின்ன வகுப்புப் பெற்றோர், பெண் வீட்டுப் பக்கம் பெரிய வகுப்பு. சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார்கள்.

சில மாதம் கழித்து, கம்ப்யூட்டர் அறையில் பேட்டரி எரிந்து புகை கிளம்பியது. இது ஒத்திகை இல்லை. பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், ஒருவர் கையிலும் பை இல்லை. ஆனால் அஞ்சலிக்கு வீசிங். மூச்சுக்குத் தவித்தவளை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வாசலையே பார்த்தேன். தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுபோன அந்தத் தெருதான் கண்முன் வந்தது.

சைரன் ஓர் இடத்திலும் நிற்காமல் நேரே வாசலுக்கு வந்தது. மற்ற ஆசிரியர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளோடு ஏறிக்கொண்டேன். முனை திரும்பும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் கையை விரித்து நின்று, வந்த பைக்கையெல்லாம் மண்டபத்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தார் முத்துமாரி. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கப் போனவர், அதுவரை தன் மகனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அஞ்சலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றாள். மறுநாள் நன்றி சொல்ல முத்துமாரி வீட்டுக்கே போனேன். வண்டியில் அஞ்சலி இருந்தது தெரியுமா என்று கேட்டேன். "உள்ள யார் பிள்ளைன்னு எனக்கு என்ன தெரியும் டீச்சர்? எம்பிள்ளையா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சேன். அதான் ஒரு பைக்கையும் விடல."

விசில் இன்னும் என் கழுத்தில்தான் தொங்குகிறது. பள்ளியின் ஆபத்துக்காலப் பொறுப்பாளர் யார் என்று யாராவது கேட்டால் மட்டும், மில்லில் பகல் ஷிப்டில் இருக்கிறார், நாலு மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.